கோ ஆட்டத்தில் கண்ணும் உயிரும்

தமிழிலே 'கோ' என்ற ஓரெழுத்துச் சொல்லுக்கு அரசன் என்று பொருள். ஆனால் ஜப்பானியர் வாயிலாக உலகெங்கும் பரவிய 'கோ' என்னும் பலகையாட்டத்தில் அரசனுக்கு இடமே இல்லை. அமைச்சன் இல்லை, யானை இல்லை, குதிரையும் இல்லை. காய்கள் யாவும் ஒரே வடிவம், ஒரே தகுதி. நிறம் மட்டுமே இரண்டு. ஒருமுறை வைத்த காய் வைத்த இடத்திலேயே நிற்கும்; நகர்வதும் இல்லை, தாவுவதும் இல்லை. சதுரங்கம் பழகிய நமக்கு இது முதலில் சற்று ஏமாற்றமாகக்கூட இருக்கும். சதுரங்கத்தில் அரசன் முடங்கினால் ஆட்டம் முடிந்தது. படை முழுவதன் உயிரும் ஒரே காயில் அடங்கியிருக்கிறது. அரசனே இல்லாத ஆட்டத்தில் உயிர் எங்கே இருக்கிறது? கோ ஆட்டத்தைக் கற்க விரும்புகிறவர் முதலில் விடை காண வேண்டிய கேள்வி இதுவே.

இவ்வாட்டம் பிறந்தது சீனத்தில். சீனர் இதனை வெயிச்சி என்பர். சுற்றி வளைக்கும் ஆட்டம் என்பது அப்பெயரின் பொருள். கொரியர் பதுக் என்பர். ஜப்பானியர் இகோ என்பர். கிறிஸ்து பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே சீனத்தில் ஆடப்பட்டு, பிறகு கொரியாவுக்கும் ஜப்பானுக்கும் சென்றது. ஜப்பானில் நாரா நகரத்துச் சோசோயின் கருவூலத்தில் 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கோ பலகை ஒன்று இன்றும் பாதுகாக்கப்படுகிறது. தோக்குகாவா மரபினர் ஆட்சியில் ஹோனின்போ, இனோவே, யாசுயி, ஹயாஷி என்ற நான்கு குடும்பங்கள் அரசாங்க மானியம் பெற்று இந்த ஆட்டத்தையே குலத்தொழிலாகக் கொண்டிருந்தன. வரலாறு இவ்வளவு போதும், ஆட்டத்துக்குள் நுழைவோம்.

பலகையில் நெடுக்கே 19 கோடுகள், குறுக்கே 19 கோடுகள். காய்களைக் கட்டங்களுக்குள் வைப்பதில்லை. கோடுகள் வெட்டிக்கொள்ளும் சந்திகளில் வைக்க வேண்டும். ஆடுபுலி ஆட்டம் ஆடியவர்களுக்கு இது புதிதன்று. அங்கும் ஆடும் புலியும் கோடுகளின் சந்தியில்தானே நிற்கின்றன! மொத்தச் சந்திகள் 361. கறுப்புக் காய்கள் 181, வெள்ளைக் காய்கள் 180. கறுப்பு முதலில் ஆடும்; பிறகு மாறி மாறி ஒவ்வொருவரும் ஒவ்வொரு காயாக வைத்துக்கொண்டே போவார்கள். முடிவில் எவர் அதிக இடத்தை வளைத்துத் தமதாக்கிக்கொண்டாரோ அவருக்கு வெற்றி.

இனி உயிரைப் பற்றிய விதி. ஒரு காய்க்கு நான்கு பக்கமும் கோட்டின் வழியே அடுத்த சந்திகள் உள்ளன. அவற்றுள் வெற்றிடமாக இருப்பவை அந்தக் காயின் மூச்சுகள். சீனரும் இதே சொல்லைத்தான் ஆளுகின்றனர். அவர்கள் மொழியில் 'சி' என்றால் மூச்சு. பலகையின் நடுவில் தனித்து நிற்கும் காய்க்கு நான்கு மூச்சு. விளிம்பில் நிற்பதற்கு மூன்று. மூலையில் நிற்பதற்கு இரண்டே. ஒரே நிறக் காய்கள் கோட்டின் வழியே அடுத்தடுத்து நின்றால் அவை ஒரு கூட்டம். கூட்டத்தின் மூச்சு எல்லாருக்கும் பொது. கோணலாக, மூலைவிட்டமாக நிற்பவை ஒன்றையொன்று தொடுவனவாகக் கொள்ளப்படா. எதிரி தன் காய்களை வைத்து ஒரு கூட்டத்தின் கடைசி மூச்சையும் அடைத்துவிட்டால் அந்தக் கூட்டம் முழுவதும் பலகையிலிருந்து எடுக்கப்படும். பிடிப்பது பற்றிய விதி இவ்வளவே. இதனுடன் ஒரு துணைவிதி: தனக்கு மூச்சே இல்லாத இடத்தில் ஒருவர் காய் வைத்துத் தற்கொலை செய்துகொள்ளலாகாது. ஆனால் அப்படி வைக்கும் காய் எதிரியின் கடைசி மூச்சை அடைப்பதாக இருந்தால் தடையில்லை. எதிரியின் காய்கள் முதலில் எடுக்கப்படும். அந்த இடம் வெளியாகும். வைத்தவருக்கு மூச்சு வந்துவிடும்.

இதனைச் சொல்லக் கேட்பதைக் காட்டிலும் வைத்துப் பார்த்தால் எளிதில் விளங்கும். விலை கொடுத்துப் பலகை வாங்க வேண்டியதில்லை. ஒரு தாளில் நெடுக்கே 9, குறுக்கே 9 கோடுகள் போட்டுக்கொள்ளுங்கள். புதிதாகக் கற்போர் எங்கும் இந்தச் சிறிய பலகையில்தான் தொடங்குகின்றனர். கறுப்புக்குப் புளியங்கொட்டை, வெள்ளைக்கு மொச்சை. தில்லியிலோ கல்கத்தாவிலோ நாக்பூரிலோ குடியிருக்கும் நமக்கு இவை கிடைக்காத பொருள்கள் அல்ல. எதிரே உட்காருபவர் தமிழ் அறியாத பக்கத்து வீட்டுக்காரராக இருந்தாலும் பாதகமில்லை. காய் வைக்க மொழி வேண்டாம். இடங்களைக் குறிக்க இரண்டு எண்களைச் சொல்லுவோம்: முதலெண் இடப்புறத்திலிருந்து எத்தனையாவது கோடு என்பது, அடுத்த எண் கீழிருந்து எத்தனையாவது கோடு என்பது. ஆகவே 1-1 என்றால் இடப்புறத்துக் கீழ்மூலை.

முதற்படம். 1-2, 2-2, 2-1 ஆகிய மூன்று இடங்களில் கறுப்பை வையுங்கள். மூலையிலுள்ள 1-1 என்ற ஒரே வெற்றிடத்தை இம்மூன்றும் அணைத்துக்கொண்டு நிற்கின்றன. இப்படித் தன் காய்களாலேயே சூழப்பட்ட வெற்றிடத்துக்குக் கண் என்று பெயர். இப்போது 1-3, 2-3, 3-2, 3-1 ஆகிய இடங்களில் வெள்ளையை வையுங்கள். கறுப்புக் கூட்டத்துக்கு வெளிமூச்சு எல்லாம் அடைபட்டது. உள்ளே ஒரு கண் மட்டும் மிச்சம். வெள்ளை அந்தக் கண்ணிலேயே, 1-1இல், காய் வைக்கிறது. அங்கே வெள்ளைக்கு மூச்சு இல்லைதான். ஆயினும் கறுப்பின் கடைசி மூச்சும் அதுவே ஆகையால் கறுப்புக் காய்கள் மூன்றும் எடுபடுகின்றன. ஒரு கண்ணுடைய கூட்டம் பிழைக்கவில்லை.

இரண்டாம் படம். தாளைத் துடைத்துவிட்டு 1-2, 2-2, 3-2, 4-2 என்று வரிசையாக நான்கு கறுப்பும், 2-1, 4-1 ஆகிய இடங்களில் இரண்டு கறுப்பும் வையுங்கள். ஆறு காய்களும் ஒரே கூட்டம். உள்ளே 1-1, 3-1 என இரண்டு தனித்தனிக் கண்கள். இடையில் 2-1 என்ற காய் சுவர்போல நிற்கிறது. வெள்ளை 1-3, 2-3, 3-3, 4-3, 5-2, 5-1 என்று முற்றும் வளைத்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். இனி வெள்ளை என்ன செய்யலாம்? 1-1இல் வைக்கப் பார்த்தால், 3-1 என்ற மூச்சு கறுப்புக்கு இருக்கிறது, கறுப்பு சாகாது, வெள்ளைக்கு அங்கே மூச்சு இல்லை, ஆகவே அது தற்கொலை, விதி தடுக்கிறது. 3-1இல் வைக்கப் பார்த்தாலும் அதே கதை. இரண்டையும் ஒரே சமயத்தில் அடைக்க முடியுமானால் கறுப்பு வீழும். ஆனால் ஒருவருக்கு ஒரு முறையில் ஒரு காய்தான். எதிரியின் படை பலகை முழுவதும் நிறைந்திருந்தாலும் இந்த ஆறு காய்களை அசைக்க இயலாது. கறுப்பு இதற்குமேல் அங்கே ஒரு காய்கூட வைக்க வேண்டியதில்லை. தன் கவனத்தை வேறு திசைக்குத் திருப்பிக்கொள்ளலாம்.

இங்கே ஒரு செய்தியை அழுத்திச் சொல்ல வேண்டும். இரண்டு கண் உடைய கூட்டம் சாகாது என்று விதிப்புத்தகம் ஆணையிடவில்லை. விதி சொல்வதெல்லாம் மூச்சற்றது எடுபடும் என்பதும், தற்கொலை கூடாது என்பதும், முறைக்கு ஒரு காய் என்பதுமே. இம்மூன்றிலிருந்தும் தானே விளைந்த உண்மைதான் இரண்டு கண். ஆகவே குழந்தைகளுக்கு இந்த ஆட்டத்தைக் கற்பிப்போர் 'இரண்டு கண் வேண்டும்' என்று மனப்பாடம் செய்விப்பதை நாம் விரும்புவதில்லை. ஒரு கண்ணுடைய கூட்டத்தை அவர்கள் கையாலேயே பிடிக்கவிட்டு, பிறகு இரு கண்ணுடைய கூட்டத்தைப் பிடிக்கச் சொல்லித் திகைக்கவிட்டால், காரணம் அவர்களுக்கே புலப்பட்டுவிடும். காரணம் அறிந்த குழந்தையைப் பின்னால் வரும் பொய்க்கண் ஏமாற்றாது.

கண் என்ற சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. மொழிபெயர்ப்பையே நாள்தோறும் தொழிலாகக் கொண்ட நமக்குப் பிற நாட்டுக் கலைச்சொற்கள் பெரும்பாலும் தலைவேதனையே தருவன. இந்தச் சொல்லோ கேட்டவுடன் தமிழில் வந்து அமர்ந்துகொண்டது. சீன மொழியிலும் ஜப்பானிய மொழியிலும் இந்த வெற்றிடத்துக்குக் கண் என்றே பெயர். நாமும் முகத்திலுள்ள கண்ணை மட்டுமா கண் என்கிறோம்? வலைக்கண் என்கிறோம்; சல்லடைக் கண் என்கிறோம்; பாலத்தின் வளைவுகளைப் பத்துக் கண் பாலம் என்றும் மதகின் வாய்களை ஐந்து கண் மதகு என்றும் எண்ணுகிறோம். சுற்றிலும் கட்டுமானம் நிற்க நடுவே விடப்பட்ட வெளிதான் கண். கோ ஆட்டத்துக் கண்ணும் அதுவே. நம் நாட்டின் வடகிழக்கு எல்லையிலும் இச்சொல்லைக் காணலாம். திபெத்தில் ஆடப்பட்டு வந்த கோ வகைக்கு மிக்மங் என்று பெயர்; திபெத்திய மொழியில் அதற்குப் பல கண்கள் என்று பொருள். 1975ஆம் ஆண்டு இந்திய மாநிலமான சிக்கிமிலும் இந்த ஆட்டம் ஆடப்பட்டதுண்டு. அதன் பலகையில் 19க்குப் பதிலாக 17 கோடுகள். ஆட்டம் தொடங்கும்போதே இரு தரப்புக்கும் ஆறு ஆறு காய்கள் பலகையில் இருக்கும். பண்டைச் சீனத்திலும் 17 கோட்டுப் பலகையே வழங்கியதென்பதை ஹான் மரபினர் காலத்துக் கல்லறையில் கிடைத்த கற்பலகை காட்டுகிறது.

ஆட்டத்தில் கண்கள் ஆயத்தமாகக் கிடைப்பதில்லை. அவற்றை அமைக்க வேண்டும். அமைக்குமுன் எதிரி கெடுக்கப் பார்ப்பான். இரண்டாம் படத்திலிருந்து 2-1 என்ற நடுச்சுவரை மட்டும் எடுத்துவிடுங்கள். உள்ளே 1-1, 2-1, 3-1 என மூன்று வெற்றிடங்கள் ஒரே வரிசையில் இருக்கின்றன. வெளியே வெள்ளை முன்போலவே வளைத்து நிற்கிறது. கூட்டம் உயிருள்ளதா, செத்ததா? இப்போது ஆடும் முறை யாருடையது என்பதே விடை. கறுப்பின் முறையானால் 2-1இல் ஒரு காய், இரண்டு கண், உயிர் உறுதி. வெள்ளையின் முறையானால் அதே 2-1இல் ஒரு காய். கூட்டம் முழுவதும் செத்தது. எப்படி என்று பார்ப்போம். வெள்ளை நடுவில் நிற்கும்போது கறுப்பு 1-1இல் வைத்தால், வெள்ளை 3-1இல் வைத்து அனைத்தையும் எடுத்துவிடும். கறுப்பு சும்மா இருந்தாலோ, வெள்ளை 1-1இல் இன்னொரு காயை வைக்கும். கறுப்பு 3-1இல் வைத்து அந்த இரண்டையும் பிடிக்கலாம். ஆனால் பிடித்தபின் மிஞ்சுவது 1-1, 2-1 என்ற ஈரிடப் பொந்து. அதிலே வெள்ளை மறுபடி ஒரு காயை வைக்கும். கறுப்பு அதையும் பிடித்தால் எஞ்சுவது ஒற்றைக் கண். ஒற்றைக் கண்ணின் கதி முதற்படத்திலேயே தெரிந்ததுதான்.

ஐந்து காய்களின் உயிரும் 2-1 என்ற ஒரே சந்தியில் இருந்தது. ஜப்பானியர் இத்தகைய இடத்தைக் கியூஷோ என்பர். உடலில் அடிபட்டால் உயிர்போகும் இடத்துக்கும் அவர்கள் மொழியில் அதுவே பெயர். வர்மம் என்று நம் வைத்தியர்களும் சிலம்ப ஆசான்களும் சொல்வது இதனைத்தான். வர்மத்தைப் பற்றிய ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும்: தனக்கு உயிர் தரும் இடமும் எதிரி கொல்ல வரும் இடமும் ஒன்றே. ஆதலால் தன் கூட்டத்தை எப்படிக் காப்பது என்று விளங்காமல் தவிக்கும் ஆட்டக்காரர், எதிரியின் இடத்தில் தாம் இருந்தால் எங்கே வைப்போம் என்று எண்ணிப் பார்த்து அங்கேயே வைத்துவிடலாம்.

உள்வெளி பெரிதாகும்போது வடிவம் முக்கியமாகிறது, பரப்பு அன்று. நான்கு வெற்றிடம் ஒரே வரிசையில் இருந்தால் அது உயிர். எதிரி முதலில் ஆடினாலும் சரியே. ஏனெனில் நடுவில் இரண்டு இடங்கள் உள்ளன. ஒன்றை அவர் எடுத்தால் மற்றதை நாம் எடுத்துக்கொள்ளலாம். அதே நான்கு இடம் சதுரமாக, இரண்டும் இரண்டுமாக அமைந்தால் அது சாவு. நாமே முதலில் ஆடினாலும் பயனில்லை. நாம் ஓர் இடத்தை நிரப்பினால் மூன்று இடம் முழங்கை போல மடங்கி நிற்கும்; எதிரி முழங்கையின் முட்டியில் வைத்துவிடுவார். ஒரே அளவு இடம், ஒன்று வாழ்வு, மற்றொன்று சாவு! மூன்று இடம் வரிசையாகவும் நான்காவது நடுவில் முளைத்தும் இருந்தால் அந்த நடுவிடமே வர்மம்; முந்தியவருக்கு வெற்றி. ஐந்து இடமும் ஆறு இடமும் உடைய வடிவங்களிலும் இத்தகைய வர்மம் கொண்டவை உண்டு. சீனர் அவற்றுக்கு அழகான பெயர்கள் சூட்டியிருக்கின்றனர்: சிலுவைபோல் விரிந்த ஐந்துக்குப் பிளம் மலர் ஐந்து என்றும், சதுரத்தோடு ஒரு காம்பு நீண்ட ஐந்துக்குக் கத்திப்பிடி ஐந்து என்றும், கொத்தாகத் திரண்ட ஆறுக்குத் திராட்சை ஆறு என்றும் பெயர். உருவத்தைப் பார்த்த மாத்திரத்தில் பெயர் நினைவுக்கு வரும். பெயரோடு வர்மமும் நினைவுக்கு வரும். மனத்தில் பதியவைப்பதற்குப் பெயரிடுவதைவிடச் சிறந்த உபாயம் வேறு இல்லை.

விளிம்பை ஒட்டிய இரண்டாம் கோட்டில் வரிசையாக நிற்கும் காய்களைப் பற்றிச் சீனரிடையே ஒரு வழக்கு உண்டு: ஆறு சாகும், எட்டு வாழும். மந்திரம்போல் ஒலிக்கும் இதன் பின்னே எளிய கழித்தல் கணக்கு இருக்கிறது. மூலையை விட்டு விலகி, இரண்டாம் கோட்டில் எட்டுக் கறுப்பு வரிசையாக நிற்க, மேலேயும் இரு முனைகளிலும் வெள்ளை அடைத்துவிட்டது. கீழே முதற்கோட்டில் எட்டு வெற்றிடம். வெள்ளை ஒரு முனையில் கீழே நுழையும்; கறுப்பு அதற்கு அடுத்த இடத்தில் தடுக்கும். இரண்டு இடம் போயிற்று. மறுமுனையிலும் அவ்வாறே இரண்டு போகும். எட்டில் நான்கு போனால் நான்கு. வரிசையான நான்கு உயிர் என்று மேலே கண்டோம். ஆறில் நான்கு போனால் மிச்சம் இரண்டு, சாவு. ஏழானால் மிச்சம் மூன்று. மூன்று என்றால் முறை யாருடையது என்பதே வழக்கு என்பதும் தெரிந்ததே. மேலோட்டமாகப் பார்க்கும்போது ஆறு, ஏழு, எட்டு என்பவற்றிடையே என்ன பெரிய வேறுபாடு என்று தோன்றும். ஒவ்வொரு காய்க்கும் ஒரு தலைவிதி மாறுகிறது.

இடத்துக்கு ஏற்ற சிக்கனமும் இங்கே உண்டு. ஐயத்துக்கு இடமின்றி இரண்டு கண் அமைக்க மூலையில் ஆறு காய் போதும். விளிம்பில் எட்டு வேண்டும். பலகையின் நடுவில் பத்து வேண்டும். விளிம்பும் மூலையும் நமக்காக இலவசமாகச் சுவர் எழுப்பித் தருகின்றன. தேர்ந்த ஆட்டக்காரர்கள் ஆட்டத்தின் தொடக்கத்தில் மூலைகளை நாடுவதற்கு இது ஒரு காரணம்.

இனிப் பொய்க்கண். தேங்காயில் மூன்று கண் காண்கிறோம். ஆனால் முளை புறப்படுவது ஒன்றில்தான். மற்ற இரண்டும் கண்போல் இருப்பனவே அன்றிக் கண்ணல்ல. கோ பலகையிலும் கண்போல் தோன்றிக் கழுத்தறுப்பவை உண்டு. புதியவர்கள் இழக்கும் ஆட்டங்களில் பெரும்பகுதி இதனால் இழந்தவையே என்பது நம் எண்ணம். மறுபடியும் இரண்டாம் படத்தை அமையுங்கள். ஒரே ஒரு மாறுதல்: 4-2இல் கறுப்புக்குப் பதிலாக வெள்ளை நிற்கட்டும். வெளியே 1-3, 2-3, 3-3, 5-1 ஆகியவையும் வெள்ளை. கறுப்பு 1-2, 2-2, 3-2, 2-1, 4-1. பார்வைக்கு 1-1, 3-1 என்ற இரண்டு கண்களும் அப்படியே இருக்கின்றன. ஆனால் 4-1இல் நிற்கும் கறுப்பைக் கவனியுங்கள். முன்பு 4-2 வழியாக அது கூட்டத்தோடு சேர்ந்திருந்தது, இப்போது தனித்துவிட்டது, அதற்கு எஞ்சிய ஒரே மூச்சு 3-1. வெள்ளை 3-1இல் வைத்தால் 4-1இலுள்ள காய் பிடிபடும், கண் உடைந்தது. அதற்குப் பயந்து கறுப்பே 3-1ஐ நிரப்பிக்கொண்டால் தன் கண்ணைத் தானே குத்திக்கொண்டதாகும். மிஞ்சுவது 1-1 ஒன்றே. இரு வழியிலும் சாவுதான்.

மெய்க்கண்ணுக்கும் பொய்க்கண்ணுக்கும் உள்ள வேறுபாடு கண்ணைச் சுற்றியுள்ள சுவரில் இல்லை. சுவரின் காய்கள் ஒன்றோடொன்று இணைந்திருக்கின்றனவா என்பதில் இருக்கிறது. அதனைச் சட்டென்று அறிய ஒரு வழி உண்டு. கண்ணின் கோணல் திசையிலுள்ள சந்திகளைப் பாருங்கள். நடுப்பலகையில் அவை நான்கு. அவற்றுள் இரண்டை எதிரி பிடித்துவிட்டால் கண் பொய். விளிம்பில் அவை இரண்டு. ஒன்று போனாலே பொய். மூலையில் ஒன்றே ஒன்று. அது போனால் பொய். நம் படத்தில் 4-2 போயிற்று, கண்ணும் போயிற்று.

இந்தக் குறுக்குவழிக்கும் ஒரு விலக்கு உண்டு. அதனைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. ஒரு கூட்டம் வளையமாக வளர்ந்து, இரண்டு இடங்களில் பொய்க்கண் கொண்டு, அந்தப் பொய்க்கண்களே வளையத்தின் இரு பாதிகளையும் பிணைக்கும்படி அமைந்துவிட்டால், அந்தக் கூட்டம் சாகாது. ஒவ்வொரு பாதிக்கும் அந்த இரண்டு வெற்றிடங்களும் மூச்சாக இருப்பதால் எதிரி எதிலும் கால் வைக்க முடியாது. இதனை இருதலை நாகம் என்பர். குறுக்குவழியை மட்டும் மனப்பாடம் செய்தவர் இதனைச் செத்தது என்பார். மூச்சை எண்ணிப் பார்த்தவர் வாழ்கிறது என்பார்.

வளையம் என்றவுடன் அண்மைக்காலச் செய்தி ஒன்று நினைவுக்கு வருகிறது. 2016ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் சியோல் நகரில் ஆல்பாகோ என்னும் கணிப்பொறி நிரல், கொரிய வீரர் லீ செதோலை ஐந்து ஆட்டங்களில் நான்கில் வென்றது. அதன்பின் கோ ஆட்டத்தில் மனிதன் இயந்திரத்துக்கு நிகராகான் என்று முடிவுகட்டிவிட்டார்கள். ஆனால் 2023ஆம் ஆண்டு, தொழில்முறை வீரர் அல்லாத ஓர் அமெரிக்கர், கட்டாகோ என்னும் மிக வலிமை வாய்ந்த நிரலை 15 ஆட்டங்களில் 14இல் தோற்கடித்தார். வழி இதுதான்: தம் சிறு கூட்டம் ஒன்றை இயந்திரம் வளையமாகச் சூழ்ந்துகொள்ளும்படி விட்டார். வேறு மூலைகளில் ஆடி அதன் கவனத்தைத் திருப்பிக்கொண்டே, அந்த வளையத்தை வெளிப்புறமாகத் தாம் மெல்ல மெல்ல வளைத்தார். பூட்டு ஏறக்குறைய முடியும்வரை இயந்திரம் தன் வளையத்துக்கு ஆபத்து என்று உணரவே இல்லை. வளையம் முழுவதும் பிடிபட்டது. இந்த வழியைக் கண்டுபிடித்ததும் பிறிதொரு கணிப்பொறி நிரலே என்பதையும் சொல்லிவிட வேண்டும். மனிதர் அதனைக் கற்றுக்கொண்டு தாமே ஆடினார். கோடிக்கணக்கான நிலைகளில் பழகி, எது வாழும் எது சாகும் என்று பார்த்த மாத்திரத்தில் மதிப்பிட்ட இயந்திரம், பழக்கத்தில் வராத வடிவத்தில் தடுமாறியது. மூச்சை ஒவ்வொன்றாக எண்ணத் தெரிந்த பத்து வயதுக் குழந்தை அதிலே ஏமாந்திருக்காது.

கூட்டம் உயிருள்ளதா என்று ஐயமற எண்ணிச் சொல்லும் முறையையும் அறிஞர்கள் வகுத்திருக்கிறார்கள். 1976ஆம் ஆண்டு டேவிட் பென்சன் என்பவர், உரியவர் ஒரு காய்கூட வைக்காமல் கையைக் கட்டிக்கொண்டு இருந்தாலும் எதிரி எத்தனை காய் வைத்தும் பிடிக்க முடியாத கூட்டங்கள் எவை என்று கண்டறியும் கணக்கு முறையை வெளியிட்டார். நம் இரண்டாம் படத்து ஆறு காய்கள் அத்தகையவை. வரிசையான நான்கு இடம் உடைய கூட்டம் அத்தகையதன்று; எதிரி ஒன்று வைத்தால் நாம் மறுமொழி சொல்லியாக வேண்டும். இரண்டும் உயிர்தான், ஒன்று உறங்கினாலும் வாழும் உயிர், மற்றொன்று விழித்திருந்தால் வாழும் உயிர்.

கண்ணே இல்லாமல் வாழ்வதும் உண்டு. ஒரு கறுப்புக் கூட்டமும் ஒரு வெள்ளைக் கூட்டமும் ஒன்றையொன்று இறுகப் பிடித்து நிற்கின்றன, இரண்டுக்கும் கண் இல்லை, வெளிமூச்சும் இல்லை, இருவருக்கும் பொதுவாக நடுவே இரண்டு வெற்றிடம் மட்டும். அவற்றில் ஒன்றை எவர் நிரப்புகிறாரோ அவருடைய கூட்டத்துக்கு ஒரே மூச்சு எஞ்சும்; மற்றவர் அதனை அடைத்துப் பிடித்துவிடுவார். ஆகவே இருவரும் தொடாமல் விட்டுவிடுகின்றனர். ஆட்டம் முடியும்வரை இரு கூட்டமும் அப்படியே வாழ்கின்றன. ஜப்பானியர் இதனைச் செக்கி என்பர். எதிரிகள் இருவர் ஒரே கிணற்றில் நீர் இறைத்துப் பிழைப்பதை இது ஒக்கும். ஆனால் அந்த இருவருள் ஒருவருக்கு ஒரு கண் இருந்துவிட்டால் நிலைமை தலைகீழ். கண்ணில்லாதவர் பொதுமூச்சை அடைக்கத் தொடங்கினால் தம் மூச்சையே அடைத்துக்கொள்கிறார். கண்ணுடையவருக்கோ உள்ளே ஒரு மூச்சு கையிருப்பில் இருக்கிறது. கண்ணுடையது கண்ணற்றதைக் கொல்லும் என்று சீனர் சொல்வது இதனாலேதான். இரண்டு கண் அமைக்க வழியில்லாத நெருக்கடியிலும் ஒரு கண்ணையாவது அமைத்துக்கொள்ளத் தேர்ந்தவர்கள் முயல்வதன் காரணமும் இதுவே.

இந்தப் பகுதிக்கு ஜப்பானியர் ஷிகாட்சு என்று பெயரிட்டிருக்கின்றனர். சாவும் வாழ்வும் என்பது பொருள். சாவை முதலில் வைத்துச் சொல்வது கவனிக்கத்தக்கது. இதற்கென்றே புதிர்நூல்கள் உண்டு. 14ஆம் நூற்றாண்டுச் சீனத்தில் தொகுக்கப்பட்ட சுவான்சுவான் சீஜிங் அவற்றுள் புகழ்பெற்றது. 1713ஆம் ஆண்டு இனோவே குடும்பத்துத் தலைவர் தோசெத்சு இன்செகி தொகுத்த ஹட்சுயோரோன் என்னும் நூலோ, அக்குடும்பத்தாரின் சீடர்களுக்கு மட்டும் காட்டப்பட்டு நெடுங்காலம் மறைபொருளாகவே இருந்தது. அதிலுள்ள சில புதிர்கள் இன்றைய தொழில்முறை வீரர்களையும் நாள்கணக்கில் உட்காரவைப்பவை. நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. மூன்று இடம், நான்கு இடம், இரண்டாம் கோட்டு ஏழு காய், 4-2 போன பொய்க்கண் ஆகியவற்றை ஒன்பது கோட்டுத் தாளில் இரு தரப்பாகவும் இருந்து ஆடிப் பார்த்தாலே ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் போய்விடும்.

ஆட்டம் முடிவதைப் பற்றி ஒரு குறிப்பு. இனி வைக்கப் பயனுள்ள இடமில்லை என்று இருவரும் கருதினால் அடுத்தடுத்துத் தத்தம் முறையை விட்டுவிடுவர். அப்போது பலகையில் இரு கண் அமைக்க வழியற்றுப்போன கூட்டங்கள், எவராலும் பிடிக்கப்படாமலே நின்றுகொண்டிருக்கும். அவற்றைச் சுற்றி ஒவ்வொரு மூச்சாக அடைத்து எடுக்க வேண்டியதில்லை. ஜப்பானிய முறையில் அப்படி அடைப்பது தன் நிலத்தையே தான் நிரப்பிக்கொள்வதாகி நட்டமும் ஆகும். இருவரும் பலகையைப் பார்த்து, 'இது செத்தது, இது வாழ்கிறது' என்று ஒத்துக்கொண்டு செத்தவற்றைக் கையால் எடுத்துவிடுகின்றனர். நடுவர் தேவைப்படுவது அரிது. ஒத்துக்கொள்ள முடியாவிட்டால் அந்தக் கூட்டத்தை அங்கேயே ஆடிப் பார்த்துத் தீர்த்துக்கொள்வார்கள். அதன்பிறகே இருவரும் தத்தம் நிலத்தை எண்ணத் தொடங்குவர்.